வேற யாருக்காச்சும் இருக்கா?

கிருமியே இல்லாமல் குழந்தைகளின் எலும்பில் வீக்கமும் வலியும் வந்து வந்து போகும் ஓர் அபூர்வ நோய். அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்கெடுப்பது என் வேலை. தஞ்சாவூரில் பழைய ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டிக் கண்ணெல்லாம் எரிந்தது. அதில் கிடைத்த ஒரு சிறுமியைத் தேடித் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனேன்.

அவள் அப்பா அறுவடை மெஷின் ஓட்டுபவர். புருவத்தில்கூட வைக்கோல் தூசி. மகளின் வலியைச் சொல்லும்போதெல்லாம் தன் முழங்காலுக்குக் கீழே தடவிக்கொண்டே இருந்தார். வளரும் வயதின் வலி என்றும் காசநோய் என்றும் சொல்லி, சரியான பெயர் தெரியவே நாலு வருஷம் ஆயிற்றாம்.

கேள்விகள் முடிந்ததும் அவர் கேட்டார்.

"இது வேற யாருக்காச்சும் இருக்கா சார்?"

"இன்னொரு பிள்ளைக்கு இருக்குங்க."

"அவங்க நம்பர் தருவீங்களா? ஒரு வார்த்தை பேசணும்."

"குடுக்கக் கூடாதுங்க. எங்க விதி."

"அப்ப என் நம்பரை அவங்ககிட்ட குடுங்க. எப்ப வேணாலும் கூப்பிடட்டும்."

மறுவாரம் தாராசுரத்தில் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை சரிபார்த்துப் போனில் பதிந்துகொண்டார்.

கணக்கெடுப்பு முடிந்து அறிக்கையும் போய்விட்டது. அவர்கள் பேசிக்கொண்டார்களா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.