வெயிலுக்கு எதிரே உட்கார்ந்த முதலாளி

செய்தி வந்தபோது நான் ஒரு தானப் பத்திரத்துக்கு எல்லை எழுதிக்கொண்டிருந்தேன். வடக்கும் கிழக்கும் முடிந்து தெற்குக்கு வந்திருந்தேன். செல்போனில் என் மகன் செல்வம். "அப்பா, மொதலாளி போயிட்டாக" என்றான். எந்த முதலாளி என்று கேட்டுவிட்டேன். அவன் கொஞ்சம் தயங்கி, "நம்ம காசிராஜன் சார்தாம்ப்பா" என்றான். காலையில் டீ குடித்துவிட்டுப் பேப்பரை விரித்தவன் அப்படியே சாய்ந்துவிட்டானாம். நாற்பது வருஷமாக நான் 'ஏலே காசி' என்று கூப்பிட்ட ஆள், என் மகன் வாயிலேயே முதலாளி என்ற பெயரில் செத்துப்போயிருந்தான். பத்திரத்தை மூடி வைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ராஜபாளையம் போய்ச் சேரும்வரை யாரிடமும் பேசத் தோன்றவில்லை.

செண்பகம் கால்பந்துக் கழகம் அவன் நினைவாக ஒரு மலர் போடுகிறது. அதற்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நல்லதா எழுதுங்க அண்ணாச்சி" என்று செயலாளர் இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை சொன்னபோது குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. அவர் பயப்பட்டதில் தப்பில்லை. என் வாய் அப்படி. அவனை 'அவர்' என்று எழுத எனக்கு வராது, குடும்பத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் பொறுப்பில்லாமல் அந்த மரியாதையையும் கொடுத்துப் பார்த்தேன். அதில் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

நம் மைதானம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. ஜெயித்தால் ராஜபாளையத்து டீம், தோற்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் டீம் என்பது ராஜபாளையத்துக்காரர்கள் கணக்கு. எங்கள் பக்கத்தில் அதையே திருப்பிச் சொல்லுவோம். மைதானத்தின் மேற்கு ஓரத்தில், குடிதண்ணீர்த் திட்டத்துக்கு வந்து மிஞ்சிப்போன பெரிய சிமெண்டுக் குழாய்கள் நாலு கிடக்கின்றன. சாயங்காலம் முதலில் நிழல் விழுவது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் காசியும் நானும், பஸ் மெக்கானிக் லூர்துவும் முதல் குழாயில் ஏறிவிடுவோம். மற்றக் குழாய்களில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். ஆட்டக்காரர்கள் எதிரணியைவிடக் குழாய்க்குத்தான் பயப்படுவார்கள். பந்தை விட்டவனை அவன் பாட்டன் பெயர் வரை இழுத்து வைவோம். காசி அப்போது பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு ஆலையில் தறி ஃபிட்டர். வசவில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒரு தடவை மோசமாகத் தோற்றுவிட்டு யாரும் வீட்டுக்குப் போக மனசில்லாமல் உட்கார்ந்திருந்தோம். இந்த கிளப் நமக்குச் சொந்தமாக இருந்தால் என்ன செய்வோம் என்று பேச்சு வந்தது. லூர்து உடனே, "தோத்தாலும் ஜெயிச்சாலும் பயகளுக்கு மட்டன் பிரியாணி. குளிக்க வெந்நி. மேலெல்லாம் புழுதியோட பஸ் ஏறுதானுக, பாவமா இருக்கு" என்றான். கிளப் பெயரை இரண்டு பக்கமும் எழுதிய சொந்த வேன் ஒன்று வேண்டும் என்றேன் நான். பிறகு காசி சொன்னான்: "நான் மொதலாளியா ஆனாலும் இந்தக் குழாயை விட்டு எந்திரிக்க மாட்டேன். நீங்க என்னைய வையணும். கிளப்புக்காரன்னு பாக்காம வையணும். வசவு வாங்காத மொதலாளி வெளங்க மாட்டான்லே." நாங்கள் சிரித்தோம். அந்த மாதம் அவன் செருப்பு அறுந்து, அதைத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம்.

பிறகு அவன் வளர்ந்த கதை ராஜபாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். பழைய தறி நாலை வாங்கித் தானே பழுது பார்த்து ஓட்டினான். ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜும் காஜ் துணியும் போட ஆரம்பித்தான். ஆலை பெருத்தது. நம் கிளப்பை நடத்தி வந்த பழைய தலைவர் உடம்புக்கு முடியாமல் கைவிட்ட சமயம், கிளப்பைக் கலைத்துவிடலாம் என்று பேச்சு நடந்தபோது, காசி நேரே என் மேசைக்கு வந்தான்.

"ஏலே பத்திரம், கிளப்ப என் பேருக்கு எழுது" என்றான். பத்திரம் என்றுதான் என்னைக் கூப்பிடுவான்.

"கிளப்புக்கு நாலு எல்லை எங்கலே இருக்கு? மைதானம் பொறம்போக்கு. குழாய் கவர்மெண்டோடது. ஆடுத பயக ஆட்டம் முடிஞ்சா அவனவன் வீட்டுக்குப் போயிருவான்."

"அப்பம் என்னதாம்லே என்னுது?"

"வசவு வாங்குத பாத்தியதை மட்டும் உனக்கு வரும்."

"அது போதும். அதத்தான் எழுதச் சொல்லுதேன்" என்று சிரித்தான். சங்கத்தின் தலைவராக அவன் பெயரைப் பதிவு செய்ய மனு எழுதிக் கொடுத்தேன். சட்டப்படி தலைவர்தான். ஆனால் அன்றிலிருந்து ஊர் முழுக்க அவன் முதலாளி.

குழாயில் பேசியதையெல்லாம் அவன் ஒன்று விடாமல் செய்தான். வேன் வந்தது. வெந்நீர் வந்தது. பிரியாணியும் வந்தது, ஆனால் முதல் மேட்சுக்கு அது மத்தியானமே வந்துவிட்டது. பையன்கள் வாசனை பிடித்துவிட்டார்கள், யார் தடுக்க முடியும்? வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மைதானத்தில் இறங்கினார்கள். நம் சென்டர் ஃபார்வர்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்ப் பந்தை எடுத்தான். நாலு கோல் வாங்கினோம். விருந்தினருக்குப் பந்தல் போட்டு நாற்காலி வைத்திருந்தும், காசி எங்களோடு குழாயில்தான் உட்கார்ந்திருந்தான். பழைய நாளாக இருந்தால் அந்தப் பிரியாணியை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்போம். அன்றைக்குக் குழாயில் ஒருத்தரும் வைய வாய் திறக்கவில்லை. லூர்து மெதுவாக, "பயக நல்லாத்தான் ஆடுனானுக. வெயிலு சாஸ்தி" என்றான். காசி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

ஏன் வாய் திறக்கவில்லை என்று என்னைக் கேட்டால் சொல்கிறேன். குழாயில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாரோ ஒருவர் அவன் ஆலையில் வேலை பார்த்தார்கள். என் வீட்டிலும்தான். செல்வம் படித்துவிட்டுச் சும்மா இருந்தான், நானே போய்க் கேட்டு அவனைச் சூப்பர்வைசராகச் சேர்த்துவிட்டேன். காசி ஒரு வார்த்தை மறு பேச்சுப் பேசவில்லை. அதற்காக நாக்கை அடக்கு என்றும் அவன் கேட்கவில்லை. நானாகத்தான் அடக்கினேன்.

அதற்கடுத்த வருஷம் அவன் ஒரு காரியம் செய்தான். அரையிறுதிக்கு முந்தின நாள், எட்டு வருஷமாக நமக்குக் கோல் காத்த இஸ்மாயிலை உட்கார வைத்துவிட்டு, வெளியூரிலிருந்து நெட்டையாக ஒருத்தனைக் கூட்டி வந்து நிறுத்தினான். நெட்டையன் தலைக்கு மேலே வருவதைப் பிடித்தான், காலுக்கு அடியில் வந்ததை மூன்று தடவை விட்டான். இஸ்மாயில் கையுறையைக் கழற்றாமலே ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தோற்ற மறுநாள் காசி என் மேசைக்கு வந்தான். பத்திரம் எழுத வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, "நேத்து நான் செஞ்சது சரியாலே?" என்று கேட்டான். கேட்ட மாதிரியே இல்லை, கெஞ்சிய மாதிரி இருந்தது. எனக்கு வாய் வரை வந்தது. செல்வத்துக்கு அந்த மாதம்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "உங்களுக்குத் தெரியாததா" என்றேன்.

அவன் என் மேசையில் கிடந்த முத்திரைத் தாள்களை அடுக்கி வைத்தான். "டீ சொல்லுதியா?" என்றான். வரவழைத்தேன். பாதி குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அடுத்த ஞாயிறிலிருந்து அவன் குழாய்க்கு வரவில்லை. எதிர்ப்பக்கம், கிழக்கு ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுத் தனியாக உட்கார்ந்தான். அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். மலைக்குப் பின்னால் இறங்கும்வரை சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். கையை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் ஆட்டம் பார்க்க முடியும். "பணம் வந்ததும் குழா குத்துதோ" என்றான் லூர்து. நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் எழுந்து போனதும் எங்களுக்கு வாய்ப்பூட்டுத் திறந்தது. கோல்கீப்பரை மாற்றிய கிறுக்கன், பிரியாணி முதலாளி, வெயிலில் காயும் கருவாடு என்று ஆளாளுக்கு வைதோம். என் குரல்தான் உசத்தி. அவ்வளவு தூரத்தில் கேட்காது என்ற தைரியம்.

இரண்டு சீசன் அப்படியே போனது. எங்காவது பார்த்தால் பேசிக்கொள்வோம். மருமகள் எப்படி இருக்கிறாள், மழை உண்டா என்று கேட்பான். ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். லூர்து மதுரைக்கு மகள் வீட்டோடு போய்விட்டான். அதன் பிறகு முதல் குழாயில் நான் மட்டும். இருந்தும் வைவதை நிறுத்தவில்லை. தனியாக உட்கார்ந்து கத்துகிற கிழவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மைதானத்தின் அந்த ஓரத்தில் ஒருத்தன், இந்த ஓரத்தில் ஒருத்தன். வெட்கத்தை விட்டு ஒரு நாள் நான் நடந்து போயிருக்கலாம். அறுபது எழுபது காலடி எடுத்து வைத்தால் போதும்.

அவன் போன மூன்றாம் நாள் துக்கம் கேட்க மறுபடி அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கோமதி எனக்குக் காபி கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காந்தா ஒங்க பேச்சுத்தான் அவியளுக்கு" என்றார்.

"என் பேச்சா?"

"இன்னைக்குப் பத்திரம் என்னைய என்னமா வஞ்சான் தெரியுமாம்பாக. கருவாடுன்னானாம்ளா, சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. வெயில்ல போயி ஏன் உக்காருதியன்னு நான் சத்தம் போட்டேன். மலைப் பக்கமிருந்து மேகாத்து அடிக்கும்போது அங்க உக்காந்தாத்தான் குழாயில பேசுதது அம்புட்டும் காதுல விழுமாம். காத்து இல்லாத மாசம் நாக்காலிய முன்னாடி இழுத்துப் போட்டுக்கிடுவாகளாம்."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் பக்கத்துல இருந்தா அவனுக்கு வாய் வர மாட்டேங்குது, பாவம், நான் தள்ளி உக்காந்தா வஞ்சுட்டுப் போறான்னு சொன்னாக" என்றார் கோமதி. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. புருஷனுக்குப் பிடித்த பலகாரத்தைச் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன். முதல் முறையாகக் கிழக்கு ஓரத்தில் நின்று பார்த்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. மலையிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. குழாயில் இருந்த நாலைந்து பேரில் ஒருத்தன் லைன்ஸ்மேனை வைதது, பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி தெளிவாகக் கேட்டது. நானும் அங்கிருந்து சத்தமாக ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். குழாயில் யாரும் திரும்பவில்லை. காற்று ஒரு பக்கமாகத்தான் அடிக்கிறது. இரண்டு வருஷம் நான் வைததற்கெல்லாம் அவன் அங்கிருந்து பதில் சொல்லியிருப்பான். சும்மா வாங்கிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை அவன். எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.

மலரில் மற்றவர்கள் அவன் கொடுத்ததை எழுதுவார்கள், எழுதட்டும். என் மகன் சாப்பிடுகிற சோறும் அவன் கொடுத்ததுதான். ஆனால் அவனுக்கென்று நான் வைத்திருப்பது வேறு. அன்றைக்கு என் மேசைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து அவன் கேட்டதற்கு, முகத்துக்கு நேரே சொல்லாமல் நான் விழுங்கிய பதில் அது. செயலாளர் மன்னிக்க வேண்டும், அதை இங்கே சொல்லாவிட்டால் இனிமேல் சொல்ல எனக்கு இடமில்லை.

ஏலே காசி, இஸ்மாயிலை உக்கார வச்சது சுத்த மடத்தனம். பந்தடியில பால்குடிப் பிள்ளைக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல. பிரியாணி அதுக்கும் மேல. ஆனா நீ எந்திரிச்சுப் போனியே, உன்னைய அந்த வெயில்ல உக்கார விட்டுட்டு நெழல்ல இருந்து சிரிச்சேன் பாரு, அதுக்கு நீ என்னைய ஒரு வார்த்தை வஞ்சிருக்கணும்லே.