மாடி வீட்டுத் துட்டி

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியை எப்போதும் பல்கலைக்கழக மாணவர்களுக்குத்தான் வாடகைக்கு விடுவோம். போன வருஷம் வந்தவன் தான்சானியாக்காரன். தமிழை அரைகுறையாகத்தான் பேசுவான், ஆனால் பேச்சை நிறுத்த மாட்டான். விடிந்ததும் விடியாததுமாக மாடியிலிருந்தே "அக்கா, சாப்டாச்சா?" என்று ஆரம்பித்துவிடுவான். எனக்கோ காபி குடிக்கும்வரை யார் பேசினாலும் எரிச்சல் வரும்.

ஊரில் அவன் அம்மா இறந்துபோனார். டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும், வர வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அவன் அழவில்லை. சாப்பிடவும் இல்லை, நான் கொடுத்தனுப்பிய தட்டு அப்படியே திரும்பி வந்தது. பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, "யார்கிட்டயாச்சும் மனசுவிட்டுப் பேசச் சொன்னாங்க அக்கா" என்றான். பிறகு கதவைச் சாத்தியவன் வகுப்புக்கும் போகவில்லை. ஏதாவது செய்துகொண்டால்? துணி காயப்போடுகிற சாக்கில் அடிக்கடி மாடியேறி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பினேன்.

"ஏண்டி, துக்கம் விசாரிச்சு துட்டி கேக்க யாரும் போகலையா?"

"நம்ம வழக்கமெல்லாம் அவனுக்கு என்னக்கா தெரியும்? வேத்து நாட்டுப் பையன்."

"தாயப் பறிகுடுத்தவனுக்கு நாடென்னடி நாடு!"

சாயங்காலம் தெருவே மாடிப்படி ஏறியது. பெண்கள் அவனைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் மொட்டைமாடியில் நின்றார்கள். அக்கா தூக்குவாளியில் கொண்டுவந்த கஞ்சியை டம்ளரில் ஊற்றி அவன் கையில் திணித்து, "அம்மாவுக்கு என்னய்யா செஞ்சுச்சு?" என்றாள். அவன் சொன்னான். அடுத்து வந்தவளும் அதையே கேட்டாள், மறுபடி சொன்னான். முதலில் சொன்னபோதே கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவன் அலுக்காமல் சொன்னான், நடுநடுவே கஞ்சியும் குடித்தான். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார்கள்.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு படியிறங்கப் போனேன். பின்னாலேயே வந்தான்.

"நான் என்ன தப்பு பண்ணேன் அக்கா? எல்லாரும் கோவமா போறாங்க. யாருமே போயிட்டு வாரேன்னு சொல்லல."

"அட கிறுக்குப் பயலே! கோவமில்லடா. துட்டி வீட்ல அப்படிச் சொல்ல மாட்டாக. திரும்பி வாரேன்னு சொன்னா இன்னொரு சாவுக்கு வாரேன்னு ஆயிரும்ல."

அவன் திரும்பி, எல்லாரும் உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்தான்.

"அப்ப இதுதான் துட்டி வீடா? இங்கயா? எங்கம்மாவுக்கா?"

"பின்னே யாருக்கு?"

படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். யார் அழுதாலும் "போதும், நிறுத்து" என்று அதட்டுகிறவள் நான். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பார்த்தே இராத அந்த அம்மாவுக்காக நானும் அழுதேன்.