ஹீற்றருக்குப் பக்கத்தில் விட்ட கார்

திங்கள் காலை மைனஸ் இருபது. என் பழைய கார் ஸ்ரார்ட் ஆகாததால் அம்மாவின் டயாலிசிஸ் தவறிப்போனது.

வெயில் ஏறியபின் ஸ்ரார்ட் ஆன காரை நேற்றுக் கராஜில் விட்டுக் கராஜ்காரரிடம் சொன்னேன்: "தம்பி, இரவு முழுக்க வெளியில விடுங்கோ. குளிர்ந்தால்தான் பிழை தெரியும்."

இன்று போனேன். ஒரே திருப்பில் ஸ்ரார்ட் ஆனது.

"பாத்தீங்களே அக்கா, ஒரு பிழையும் இல்லை. எங்கட ஆக்களின்ர கார் எண்டு, இரவு உள்ளுக்கு ஹீற்றருக்குப் பக்கத்தில விட்டனான்."

"வெளியிலயல்லோ விடச் சொன்னனான்?"

"அண்ணையை அனுப்புங்கோ, அவருக்கு விளங்கப்படுத்துறன்." அண்ணை என்றது என் கணவரை.

காரை அவருடைய வாசலில் பனிக்குள் நிறுத்தி, கார்த் திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்தேன். நாளைக் காலை அவரே ஸ்ரார்ட் பண்ணிப் பார்க்கட்டும்.

நாளை மறுநாள் அம்மாவுக்கு மறுபடி டயாலிசிஸ். அக்கா சொன்னாலும் கேட்கும் மெக்கானிக் ஸ்காபரோவில் யாராவது இருந்தால் எழுதுங்கள். அண்ணையிடம் கேட்டுவிட்டும் எழுதலாம்.