அம்மன் அனுமதித்த அம்மைப் பால்

யுத்த காலத்துப் பம்பாயில் பி.எஸ்ஸி. படித்த ஒருவனுக்கு எத்தனையோ நல்ல வேலைகள் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது தாராவியில் வீடு வீடாகப் போய் அம்மை குத்துகிற வேலை. ரசாயனத்தில் நான் வாங்கிய இரண்டாம் வகுப்பை உலகம் உரிய விதத்தில் கௌரவிக்கவில்லை என்ற வருத்தம் இருந்தது. ஆனாலும் மாதுங்காவில் எங்கள் பில்டிங்கில் “சுகாதார இலாகா” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் மரியாதைக்குக் குறைவில்லை. மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

அந்த நாட்களில் எனக்கு விஞ்ஞானத்தின் மேல் இருந்த பக்தி சாதாரணமானதல்ல. சந்தியாவந்தனத்தை விட்டுவிட்டேன். பூணூலை மட்டும் விடவில்லை. மாமனார் வருஷத்துக்கு இரண்டு முறை பாலக்காட்டிலிருந்து வருவார். மற்றபடி நான் முழுப் பகுத்தறிவாளன்.

என் தோல்பையில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, முனையில் முட்கள் வைத்த திருகு ஊசி, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்த அம்மைப் பால் என்கிற தடுப்பு மருந்து எல்லாம் இருக்கும். பாலைத் தோளுக்குக் கீழே ஒரு சொட்டு விட்டு, அதன்மேல் ஊசியை வைத்துத் திருக வேண்டும். இதைச் செய்ய இரண்டு நிமிஷம் போதும். அதற்கு முன்னால் நான் இருபது நிமிஷம் பிரசங்கம் செய்வேன். கிருமி என்றால் என்ன, மேல்நாட்டில் எப்படிக் கண்டுபிடித்தார்கள், அறியாமை எப்படி ஜனங்களைக் கொல்கிறது என்றெல்லாம். பிரசங்கம் முடியும்போது எதிரே ஓர் ஆட்டுக்குட்டியும் நானும் மட்டும் நிற்போம்.

தாராவியில் நான் போன பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். ஆண்கள் தோல் பதனிடும் கிடங்குகளில் வேலை செய்தார்கள். நான் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் எல்லாம் கட்டிலுக்கடியில் போய்விடும். காரணம் கேட்டால், “அம்மன் கோவிச்சுக்கிடுவா சாமி” என்பார்கள். அந்த அம்மன் ஒரு வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசின கல்லாக இருந்தாள். அவளுக்குப் பூசை செய்தவள் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. செவ்வாய்க்கிழமைகளில் அவள்மேல் அம்மன் இறங்கி வாக்குச் சொல்லும்.

எதிரியை நேரில் சந்திப்பது என்று முடிவு செய்து ஒருநாள் அந்த மரத்தடிக்குப் போனேன்.

“வாங்க சாமி,” என்றாள்.

“என்னை சாமின்னு கூப்பிடாதீங்கோ. நான் சயன்ஸ் படிச்சவன்.”

“அப்பச் சரி. டாக்டர் சாமி, உக்காருங்க.”

உட்கார்ந்தேன். வழக்கமான பிரசங்கத்தை முழுமையாகச் செய்தேன். அவள் விளக்குக்குத் திரி திரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்து போகாத முதல் ஆள் அவள்தான். முடிந்ததும், “உங்களுக்கே முதல்ல குத்தறேன், எல்லாரும் பார்க்கட்டும்,” என்றேன்.

“எனக்கு எதுக்கு? நான்தான் ஒருதரம் வாங்கியாச்சுல்லா. ரெண்டாந்தரம் வராதுல்லா.”

விஞ்ஞானப்படி அது ரொம்பச் சரி. எனக்குத்தான் கோபம் வந்தது.

“நீங்க சொன்னா ஜனங்க வருவாங்க. சொல்ல மாட்டேங்கறீங்க,” என்றேன்.

“நான் சொன்னா வர மாட்டாவ. அவ சொன்னா வருவாவ. செவ்வாக்கெழம வாங்க, கேட்டுப் பாக்கேன்.”

சுகாதார இலாகாவின் ஊழியன் ஒருவன் கல்லிடம் அனுமதி கேட்டுக் காத்திருப்பதா என்று வீடு வரும் வரை பொருமினேன். செவ்வாய்க்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றேன்.

உடுக்கை அடித்தார்கள். அவள் தலைமுடி அவிழ்ந்தது. கூட்டம் நெருக்கியது. கொஞ்ச நேரத்தில் அம்மன் பேசினாள். “எம் புள்ளைகளுக்கு நான்தான் இந்தப் பாலக் குடுத்துவிட்டிருக்கேன். இவன் கொண்டாறவன். வாங்கிக்கிடுங்க.”

எந்தத் தேசத்திலோ யாரோ மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்ததை ஒரே வாக்கியத்தில் அம்மன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். என்னைத் தபால்காரனாக்கிவிட்டாள். மறுத்துப் பேச எனக்கு நேரம் இருக்கவில்லை. எதிரே வரிசை நின்றுவிட்டது.

ஒரு தகராறு மட்டும் வந்தது. ஊசி குத்தும் இடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூச வேண்டும் என்றாள் அவள். பூசினால் பால் கெட்டுவிடும் என்றேன் நான். இருவரும் விட்டுக்கொடுக்காமல் நின்றோம். கடைசியில் இடது கை எனக்கு, வலது கை அம்மனுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டோம். அன்று கொண்டுபோன குழாய்கள் அத்தனையும் மத்தியானத்துக்குள் தீர்ந்தன. மறுநாள் ஆபீசில், “விஞ்ஞான முறையில் பொறுமையாக எடுத்துரைத்ததன் பயனாக” என்று ஆரம்பித்து இங்கிலீஷில் ஒரு நீண்ட அறிக்கை எழுதினேன். அதில் வேப்பமரம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாதுங்காவில் எங்கள் பில்டிங்குக்கு அடுத்த பில்டிங்கில் ஒருவருக்கு அம்மை போட்டது. நான் பதறவில்லை. எனக்கு மூன்று வயதில் ஒரு பெண். அவளுக்குக் கைக்குழந்தையிலேயே குத்தியாகிவிட்டது. நானே குத்த மனசு வராமல் கூட வேலை பார்த்தவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். பில்டிங்கில் இருந்தவர்களுக்குத் தைரியம் சொல்வதற்காக, குழந்தையின் சட்டைக் கையை உயர்த்தித் தழும்பைக் காட்டப் போனேன். கை வழவழவென்று இருந்தது. மற்ற கையையும் பார்த்தேன். அதுவும் அப்படியே.

பார்ப்பதுதான் விஞ்ஞானத்தின் முதல் பாடம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், மூன்று வருஷமாகச் சொந்தப் பெண்ணின் கையைப் பார்க்கவில்லை.

“இவளுக்குக் குத்தினாரா இல்லையா?” என்று மனைவியைக் கேட்டேன்.

“குத்தினார். அவர் படி இறங்கினதும் நான் அலம்பிட்டேன்.”

“அலம்பிட்டியா?”

“கன்னுக்குட்டி ரணத்திலேர்ந்து எடுக்கறதுன்னு நீங்கோதானே சொன்னேள்? அதைக் கொழந்தை ஒடம்பிலே விட்டுண்டு நான் எப்படி அடுக்களைக்குள்ளே போறது?”

என் பிரசங்கங்களை வீட்டில் ஒருத்தி இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. உடனே பையைத் திறந்தேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கதவுக்கு வெளியே நின்று முதலில் விஞ்ஞானம் சொன்னேன், பிறகு சட்டம் சொன்னேன், கடைசியில் கெஞ்சினேன். தாழ்ப்பாள் அசையவில்லை. வேறு வழியில்லாமல், இரண்டு வாரமாக மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். “தாராவியிலே அம்மனே உத்தரவு குடுத்திருக்காடீ.”

தாழ்ப்பாள் திறந்தது. “இதை ஏன் முன்னாலேயே சொல்லலே? அப்போ அந்த அம்மன் எதிரிலேயே குத்துங்கோ,” என்றாள்.

ரயில்வே லைனைத் தாண்டி மூவரும் நடந்தோம். என் மனைவி தோல் கிடங்கு நாற்றத்துக்குப் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் போனதும் மூன்று பேரும் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று வழி நெடுக நினைவூட்டிக்கொண்டே வந்தாள். மரத்தடியிலிருந்து பத்தடி தள்ளியே நின்றாள்.

பூசைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். “அங்கனயே நின்னா அம்மன் கை எட்டாது தாயி. கிட்ட வாங்க.”

என் மனைவி போனாள். நான் ஆச்சரியப்படுவதை அவள் பார்க்கவில்லை. கன்றுக்குட்டி விஷயத்தைத் தானே கேட்டாள்.

“வீட்டுல கோமியம் தெளிப்பியளா?” என்றாள் பூசைக்காரி.

“தெளிப்போம்.”

“மாட்டோட மூத்திரம் சுத்தம்னா, அது பெத்த கன்னு எப்படி அசுத்தம்?”

நான்கு வருஷக் கல்லூரிப் படிப்பில் இந்த ஒரு வாதம் எனக்குத் தோன்றவில்லை. என் மனைவி புடவைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள். பிறகு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்து, இடது கையை என் பக்கம் நீட்டினாள். ஊசியை வைத்துத் திருகினேன். எத்தனையோ பிள்ளைகளுக்குக் குத்தியவன், சொந்தப் பிள்ளை வீறிட்டதும் பாதியில் நிறுத்திவிட்டேன். பூசைக்காரி குழந்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “முடிங்க,” என்றாள். முடித்தேன். வலது கையில் அவள் மஞ்சள் பூசினாள்.

என் மனைவி கல்லைச் சுற்றிக் கும்பிடப் போன சமயத்தில் பூசைக்காரியிடம் மெதுவாகக் கேட்டேன். “அன்னிக்குப் பேசினது அம்மனா, நீங்களா?”

அவள் சிரிக்கவில்லை. “எனக்கு ரெண்டு புள்ளைக இருந்துச்சு. ரெண்டையும் ஒரே வாரத்துல அவ எடுத்துக்கிட்டா. எனக்கும் வந்துச்சு, என்னை விட்டுட்டா. நான் எதுக்கு இவளுக்கு வெளக்கேத்துதேன்னு எனக்கே சில நாளு தெரியாது. அன்னைக்கு யாரு பேசினான்னு எங்கிட்டக் கேக்கியளே, அந்தக் குழாயில என்ன இருக்குன்னு நீங்க கண்ணால பாத்திருக்கியளா?”

பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எழுதிய புத்தகத்தைப் படித்திருந்தேன். “உங்க பிள்ளைகளுக்கு அப்ப யாரும் குத்தலையா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஒங்கள மாதிரி ஒருத்தர் வந்தாரு. நான்தான் கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சேன்,” என்றாள். திரியை எடுத்து விளக்கில் போட்டுவிட்டு, அடுத்து நின்றவளைக் கூப்பிட்டாள்.

திரும்பினோம். வீட்டில் மூவரும் தலைக்குக் குளித்தோம். இடது கை நனையாமல் குழந்தையை என் மனைவியே பார்த்துக் குளிப்பாட்டினாள். ஏழாம் நாள் கொப்புளம் நன்றாக எழும்பியது. ஜுரமும் வந்து போனது. அடுத்த பில்டிங்கிலிருந்து அம்மை எங்கள் பில்டிங்குக்கும் ஏறி மூன்றாவது மாடிவரை போனது. எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. ஊசியால் என்று நான் இன்றுவரை சொல்கிறேன். மனைவியிடம் யாராவது கேட்டால் வலது கையைத்தான் சொல்கிறாள்.

அந்த வருஷக் கடைசியில், அறியாமையை விஞ்ஞானத்தால் வென்றதற்காக மேலதிகாரி எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார். சட்டம் போட்டு மாட்டலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை பார்த்தால் அது பூஜை அலமாரியில் இருந்தது. நான்கு மூலையிலும் சந்தனம், என் பெயர் இருந்த இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு. எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா என்று யோசித்தேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.