தெல்தோட்டைப் பெண்ணின் நன்றிக் கடிதம்

சிறுநீரகம் பழுதாகி என் கணவர் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில், அங்குள்ள மாதா கோவிலில் ஒரு புதன்கிழமை நவநாள் செபத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை. அவர் இறந்த பிறகு கடவுளோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். கோவில் பக்கமே போகவில்லை.

பல மாதங்கள் கழித்து அதே கோவிலின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது பக்தியினால் அல்ல. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. வத்தேகமவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தேன். வேண்டுதல் பலித்தவர்கள் மாதாவுக்கு எழுதி, நவநாளில் வாசிக்கப்படும் நன்றிக் கடிதங்களைத் திருத்துவதும், எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பதும் என் வேலை.

ஒரு புதன்கிழமை காலை, தெல்தோட்டையிலிருந்து வந்த ஒரு பெண் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு பொழச்சு வந்துட்டாரு மிஸ். மாதாவுக்கு நன்றி எழுதணும். எனக்கு எழுத வராது."

என்ன வருத்தம் என்று கேட்டேன்.

"கிட்னிதான் மிஸ்."

எழுந்து போய்விடலாம் போல எரிச்சல் வந்தது. இவளுக்குக் கொடுத்ததை எனக்கு ஏன் கொடுக்கவில்லை? ஆனாலும் பேனையை எடுத்தேன். ஒரு சொல்லைக்கூட அடிக்காமல் எழுதி முடித்து, வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள்.

"நான் சொல்லவே இல்லையே. என் மனசுல இருந்தது உங்களுக்கு எப்படி மிஸ் தெரிஞ்சுது?"

கடிதத்தை மடித்து, அன்றைய நவநாளுக்கான கடிதங்களோடு வைத்தேன்.

அன்று மாலை நவநாளில் அந்தக் கடிதத்தை வாசித்தபோது, கடைசி வரிசையில் முழந்தாளிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் சுகமாகி வீடு வரும் நாளுக்காக மனதுக்குள் நான் எழுதி வைத்திருந்த கடிதம் அது. பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தேன்.