குழிக்குத் திரும்பிய மண்

சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும், யாரிடமும் கேட்காமல். வீடு கட்டப்போகிறோம் என்றதும் எனக்கு வந்த முதல் ஆசை இதுதான். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகள். பிள்ளையை அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், சுவரைத் தொட்டால் வீட்டுக்காரர்களுக்குப் பொறுக்காது. காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டே எனக்குப் பாதி வயது போய்விட்டது. அதனால் செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கியபோது தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

பிளான் போட்டது என் கணவரின் அண்ணன் மகள். இஞ்சினியர். நிலத்தின் மேல்பக்கம் வெட்டுக்கல் பூமி, கெட்டியான செம்பாறை, அது கண்ணுக்கே தெரிந்தது. கீழ்மூலையில்தான் அவளுக்குச் சந்தேகம். அந்த ஓரம் முன்பு வயலாகக் கிடந்திருக்கலாம், யாராவது மண்ணடித்து நிரப்பியிருந்தால் சாதாரண அஸ்திவாரம் தாங்காது, ஆழத்துக்குக் கான்கிரீட் தூண் இறக்கி பைலிங் போட வேண்டும் என்றாள். பைலிங் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நிலத்தை விற்றுவிட்டு மறுபடியும் ஜன்னல் கம்பிதான். அங்கே இடுப்பளவு ஒரு குழி தோண்டிப் போடுங்கள், சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மூலையில்தான் என் சமையலறை வருகிறது.

குழியிலிருந்து வந்த மண் குங்குமம் மாதிரி இருந்தது. என் கணவர் தனுவச்சபுரம் காலேஜுக்கு பஸ் ஏறிப்போய் கெமிஸ்ட்ரி பாடம் எடுப்பவர். மண்ணைக் கண்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. உருட்டினார், முகர்ந்தார், பாட்டிலில் தண்ணீர்விட்டுக் குலுக்கி மணல் எவ்வளவு களி எவ்வளவு என்று படிவதைப் பார்த்தார். வீட்டில் ஒரு கண்ணாடிப் பாட்டில் மிச்சமில்லை. எலுமிச்சை ஊறுகாய் ஸ்டீல் டம்ளருக்குக் குடிபோனது. ரோட்டில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நல்ல மண்ணாச்சே சாரே என்று யாராவது சொன்னால் போதும், ரோஜாவுக்குக் கொஞ்சம் கொண்டுபோங்கள் என்று சட்டியில் அள்ளிக் கொடுத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை, கட்டட வேலைக்குப் பேசியிருந்த மேசிரி வந்தார். தோண்டின மண்ணைத் திரும்பக் குழியில் போட்டால் மிச்சம் வரவேண்டும், குறைந்தால் அங்கே குடும்பம் வாழாது என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள், மிஷன் சபைக்காரர்கள். நாள் நட்சத்திரம் பார்ப்பவர்களைக் கண்டால் என் கணவர் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. சபைக்காரர் யாரும் வருகிறார்களா என்று ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே மண்வெட்டியால் மூடினார். மண் தீர்ந்துவிட்டது. குழி இன்னும் முழங்கால் ஆழம் கிடந்தது.

அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "விசுவாசத்த விடு. சயின்ஸ்படி பாத்தாலும் தோண்டுன மண்ணு பெருக்கணும். கொறைஞ்சா அடி பொலபொலன்னு கெடக்குன்னு அர்த்தமாக்கும். நெலத்த வித்துரலாம்" என்றார். ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்தீர்களே என்று நினைவுபடுத்தினேன். சட்டி மண் எவ்வளவு வந்துவிடும் என்று என்னையே மடக்கினார். எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நேரே பக்கத்து வீடுகளுக்குப் போனேன், கொண்டுபோன மண்ணைத் தாருங்கள் என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

சாயங்காலம் ஒரே ஊர்வலம். சட்டியில், பக்கெட்டில், சிமென்ட் சாக்கில் மண் வந்தது. அடுத்த வீட்டுக்காரி ரோஜாச் செடியோடு பையைத் தூக்கிக்கொண்டு வந்து, மண்ணைக் குழியில் தட்டிவிட்டுச் செடியை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். ஒருவராவது கொண்டுபோன அளவுக்குத் திருப்பித் தரவேண்டுமே? வாங்கியதைவிடக் குறைத்துத் தந்தால் மரியாதையில்லை என்று எல்லாரும் தங்கள் தோட்டத்து மண்ணையும் சேர்த்துக் கொண்டுவந்து தட்டினார்கள். குழி நிறைந்து மேடாகிவிட்டது. என் கணவர் மேட்டில் ஏறிக் குதித்துப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குத்தான் உள்ளே ஒரு பயம் ஏறியது. இந்த மேட்டை வைத்து நிலம் நல்லதென்று எப்படிச் சொல்வது?

மறுநாள் இஞ்சினியர் வந்து, "சித்தப்பா, குழி எங்க?" என்றாள். அவர் பெருமையோடு மேட்டைக் காட்டினார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு, மறுபடி தோண்டச் சொன்னாள். வெளியே வந்த மண்ணைக் கிளறினாள். முட்டை ஓடு வந்தது. டீத்தூள் வந்தது. ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் வந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"சித்தி, இது நெரப்புன எடமாக்கும். வெளிமண்ணு கலந்து கெடக்கு."

என் கணவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் ரோஜாச் செடி முதல் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவள் குழியோரத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து, இனி இந்த மண்ணைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, அடியைத்தான் கேட்கவேண்டும் என்று ஓர் இரும்புக் கம்பியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

முதல் அடியில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டாவது அடியிலும் இறங்கியது. சமையலறை போயிற்று, ஆணி போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது அடியில் டங் என்று ஒரு சத்தம். கம்பி நின்றுவிட்டது. தள்ளித் தள்ளி இன்னும் சில இடங்களில் அடித்தாள். ஒரு சாண் இறங்கும், டங் என்று நிற்கும்.

"வெட்டுக்கல்லாக்கும் சித்தி. ஒரு சாண் கூட்டித் தோண்டுனா போதும். பைலிங் ஒண்ணும் வேண்டாம்."

சுத்தியலை இங்கே கொடு மக்கா என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் குழிக்குள் இறங்கினேன். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஓங்கி அடித்தேன். கை தோள்வரைக்கும் விறுவிறுத்தது. கம்பி அசையவே இல்லை. சொந்த இடத்தில் நான் அடித்த முதல் அடி அது, இறங்காமல் போனதற்கு அப்படி ஒரு சந்தோஷம். மேலே நின்று என் கணவர் போதும் போதும் என்றார். நான் யாரிடமும் கேட்காமல் இன்னொரு தடவை அடித்தேன்.