ஜூலை மாதத்து உல்லன் சட்டை

மிச்சம் கிடந்த உல்லன் நூலில் நான் முதன்முதலாகக் குரோஷா போட்டது கையில்லாத ஒரு சட்டை. இரண்டு சதுரம் பின்னி, தோளிலும் பக்கவாட்டிலும் சேர்த்துவிட்டால் சட்டை தயார். ஒரு நிறம் தீர்ந்ததும் அடுத்த நிறம் என்று போனதில், மஞ்சளில் தொடங்கிப் பச்சையில் முடிந்தது.

“துபாய் வெயில்ல உல்லனா? ஒட்டகத்துக்குப் போட்டு விடு” என்றார் கணவர். ஊசி பிடிக்கத் தெரியாத மனிதருக்கு விமர்சனம் மட்டும் நன்றாக வரும்.

ஆனால் ஆபீஸில் ஏசிக் காற்று நேராக அவர் தலையில்தான் இறங்கும். ஒரு ஜூலைக் காலையில் அலமாரியில் சட்டையைக் காணவில்லை.

சாயங்காலம் வியர்த்துக் கொட்ட, அதே சட்டையோடு பார்க்கிங்கிலிருந்து நடந்து வந்தார்.

“வெளிய வரும்போதாவது கழட்டக் கூடாதா?”

“மாட்டும்போது இறங்கிடுச்சு. கழட்டும்போது காதுல சிக்குது.”

கழுத்துக்கு நான் விட்ட இடம் போதவில்லை.

“பலமா இழுக்க வேண்டியதுதானே?”

“இழுத்தா பிரிஞ்சிடாதா?” என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். சட்டென்று இரண்டு கையாலும் சட்டையைப் பொத்திக்கொண்டார்.

“வெட்டிடாதே! நாளைக்கு ஆபீஸ்ல நான் என்ன பண்றது?”